பின்னால் வரும் அண்ணாச்சிக்கு

வாங்க சார், உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. ஏல சிகாமணி, சாருக்கு ஒரு டீ சொல்லு. அப்படியே ஃபேனை இந்தப் பக்கம் திருப்பி விடு.

ராஜபாளையத்து மில்லுல இருந்து வர்றீங்களா? நல்லது. மில்லுக்கு ஒரு எலக்ட்ரீசியன் எடுக்கப் போறீங்க. அதுக்கு ஆவுடையப்பன் மனுப் போட்டிருக்கான். 'யாரிடம் விசாரிக்கலாம்'ங்கிற இடத்துல என் பேரை எழுதியிருக்கான். என் பேரையா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார். குருபாதம், குருபாதம் எலக்ட்ரிக்கல்ஸ், கோவில்பட்டி. அப்படியேவா இருக்கு? பக்கத்துல என்னமோ பொடி எழுத்துல எழுதியிருக்கானே, கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது. நீங்களே படிங்க.

"அந்த ஊரில் என் வேலையை அதிகம் திறந்து பார்த்தவர் இவர்தான்."

பார்த்தீங்களா சார்? ஒரு மனுஷனுக்குப் புத்தி வர எத்தனை வருஷம் ஆகுது! என்னால அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. இருந்தாலும் கடைசியில என் வாய்ச்சொல்தான் அவனுக்குத் தேவைப்படுது. ஏன்? தரம்னா என்னன்னு இந்த ஊர்ல தெரிஞ்சவன் நான். அது அவனுக்குத் தெரியும். உங்க தாள்ல என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா நடந்ததை முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க. அரைகுறையாக் கேட்டுட்டு எழுதினா அது அவனுக்கும் நல்லதில்லை, மில்லுக்கும் நல்லதில்லை.

டீ வந்துருச்சு, எடுத்துக்கோங்க. இடது கையால குடுக்கானேன்னு தப்பா நினைக்காதீங்க. அவனுக்கு வலது கை மடங்காது. என் மச்சினன்தான், என் வீட்டுக்காரியோட தம்பி, ஞானசிகாமணி. கையைப் பத்தின கதைக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். நீ போய் கல்லாவுல உட்காருல. பல்பு கேட்டு யாரோ நிக்காங்க பாரு.

வயரிங்னா என்ன சார்? போர்டைத் திறந்தா கண்ணுல எடுத்து ஒத்திக்கணும். என் வேலை அப்படி இருக்கும். ஒவ்வொரு வயரும் ஸ்க்ரூ வரைக்கும் வரும், அங்கேயே நிக்கும். ஒரு விரக்கடை கூட மிச்சம் இருக்காது. கிராப்பு வெட்டின தலை மாதிரி. முப்பத்தொரு வருஷமா இப்படித்தான்.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவன் செஞ்ச போர்டைத் திறந்த உடனே நாக்கைத் தட்டி ஒரு 'ச்சு' கொட்டணும். ஸ்க்ரூவைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கொட்டுறவனும் இருக்கான். வீட்டுக்காரங்க பதறிப்போய், "என்னாச்சுங்க?"ன்னு கேப்பாங்க. உடனே பதில் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் உள்ளேயே உத்துப் பார்க்கணும். அப்புறம் மெதுவா, "எவன்மா இதைச் செஞ்சது?"ன்னு கேக்கணும். அதுல ஒரு சந்தோஷம் சார். உங்க மில்லுல கணக்கெழுதுறவங்க ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்க்கிறப்போ அப்படித்தானே?

இன்னொரு பழக்கமும் இருந்துச்சு. ஒருத்தன் வயரிங் பண்ணின வீட்டுல இன்னொருத்தன் கை வைக்கணும்னா, முதல்ல அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். 'இன்ன வீட்டுல இன்ன வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, உன் போர்டைத் திறக்கப் போறேன், ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?' அப்படின்னு. நான் அதெல்லாம் பார்க்கிறதில்லை. வேற டாக்டர்கிட்டப் போறவன் பழைய டாக்டர்கிட்டச் சொல்லிட்டா போறான்?

ஏழு வருஷம் முன்னாடி, விசாலாட்சி டீச்சர் வீடு. ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். தனியா இருக்காங்க, பையன் வெளிநாட்டுல. வீடு கட்டும்போது வயரிங் பண்ணினது ஆவுடையப்பன். அது முடிஞ்சு ஒரு வருஷம் இருக்கும். மாடியில ஏ.சி.க்கு லைன் இழுக்கணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. ஆவுடையப்பன் அப்போ தென்காசிப் பக்கம் ஏதோ வேலையாப் போயிருந்தான். நான் போனேன். ஹால்ல இருந்த பெரிய போர்டைத் திறந்தேன்.

திறந்தா, மூடியோட உள்பக்கத்துல ஒரு சீட்டு! பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையும் டேப் ஒட்டி, அழகான கையெழுத்துல. முதல் வரி என்ன தெரியுமா? "பின்னால் வரும் அண்ணாச்சிக்கு வணக்கம்." சுவிட்ச் போர்டுக்குள்ள லெட்டர் சார்! யாருக்கு? எனக்கு! 'ச்சு' கொட்டக் கூட மறந்துட்டேன், அப்படி ஒரு சிரிப்பு.

சீட்டு மட்டுமில்லை. பெட்டிக்குள்ள ஒவ்வொரு வயரும் ஒரு சாண் நீளம் கூடுதலா இருந்துச்சு. மடிச்சு மடிச்சு உள்ளே திணிச்சு வெச்சிருக்கான், டிபன் பாக்ஸுல இடியாப்பம் மாதிரி. ஒரு சிவப்பு வயர்ல மஞ்ச நூலைச் சுத்தி முடிச்சுப் போட்டிருக்கான். "டீச்சர், இங்க வாங்க, உங்க எலக்ட்ரீசியன் வயருக்குத் தாலி கட்டியிருக்கான்!"ன்னு கூப்பிட்டுக் காட்டினேன். அந்தம்மாவுக்கே சிரிப்பு. சீட்டைப் பிய்ச்சுப் பையில போட்டேன். தாலியை அறுத்தேன். வயரையெல்லாம் என் தரத்துக்கு வெட்டி நேர் பண்ணினேன். போர்டு அப்போதான் போர்டு மாதிரி ஆச்சு.

அதோட விட்டிருக்கலாம்னு சொல்றீங்களா? நீங்க சொல்லலை, ஆனா முகத்துல தெரியுது. விட்டா தொழில் எப்படி சார் திருந்தும்? அடுத்த வாரம் ஆவுடையப்பன் ஊருக்கு வந்தான். டீச்சர் வீட்டுக்கே வரச் சொன்னேன். வந்தான். ஒல்லியா, சட்டையை உள்ளே விட்டுக்கிட்டு, செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வந்து நின்னான். வேலையாளுக யாரும் செருப்பைக் கழட்ட மாட்டாங்க, கரண்டு வேலை பாருங்க. இவன் வீட்டுக்குள்ள நுழையும்போது கழட்டுவான், வேலை தொடங்கும்போது பையில இருந்து வேற ரப்பர் செருப்பை எடுத்துப் போடுவான். அந்த மாதிரி ஆளு.

டீச்சர் முன்னாடி, ஏ.சி. மாட்ட வந்த ரெண்டு பேர் முன்னாடி, சீட்டை அவன் கையில குடுத்து, "படில"ன்னேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"நீதானே எழுதினே? எனக்குத்தானே எழுதினே? நான் கேக்கணும்ல? படி."

படிச்சான். "பின்னால் வரும் அண்ணாச்சிக்கு வணக்கம்"னான். அவ்வளவுதான், ஏ.சி. ஆளுக வயித்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் கை கூப்பி, "வணக்கம் தம்பி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? மாடு கன்னு போட்டுருச்சா?"ன்னேன். டீச்சர் சேலைத் தலைப்பால வாயை மூடிக்கிட்டாங்க. இவன் மேல படிக்கப் போனான். "போதும் போதும், மிச்சத்தைத் தபால்ல அனுப்பு"ன்னு பிடுங்கிக்கிட்டேன்.

அவனுக்குக் காது ரெண்டும் சிவந்து போச்சு. கோபப்பட்டிருந்தான்னா கூட எனக்கு மரியாதை வந்திருக்கும். கோபப்படலை. "அண்ணாச்சி, எனக்கு முன்னால ஒருத்தர் செஞ்ச போர்டுல கை வெச்சு நான் ஒரு தடவை அடி வாங்கியிருக்கேன். எனக்குப் பின்னால வர்றவருக்கு அது வேண்டாம்னுதான். பேப்பர் தப்புன்னா மூடியிலேயே எழுதி வெக்கிறேன். ஆனா வயரை வெட்டியிருக்க வேண்டாம்"னான். என் வேலையில குத்தம்! டீச்சர் முன்னாடி! "ஏல, கரண்டுப் பெட்டிக்குள்ள காகிதம் வெச்சா தீப்பிடிக்குமா பிடிக்காதா? அதை முதல்ல டீச்சருக்குச் சொல்லு"ன்னேன். அவன் என்னமோ உறை, மூடி, வயர்ல படாதுன்னு இழுத்தான். ஆனா 'தீ'ங்கிற வார்த்தையைக் கேட்டுட்டாங்கல்ல டீச்சர்? முகம் மாறிப்போச்சு.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு சார், இந்த ஊர் எலக்ட்ரீசியன் எல்லாரும். மாசம் ஒரு கூட்டம். அந்த மாசம் நான் சீட்டை எடுத்து வாசிச்சேன். முதல் வரிதான். அதுக்கு மேல யாரும் வாசிக்க விடலை, அப்படிச் சிரிப்பு. அப்புறம் அதே வேலையாப் போச்சு. அவன் பண்ணின வீடு எதுன்னு தெரிஞ்சா போதும், ஏதாவது சாக்குச் சொல்லிப் போர்டைத் திறப்போம். சீட்டு இருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒண்ணு ரெண்டு வரும். முதல் வரி வாசிப்பேன், எல்லாரும் எந்திரிச்சுக் கை கூப்பி, "வணக்கம் தம்பீ!"ம்பாங்க. அவனும் கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருப்பான். வராம இருக்கலாம்ல? வருவான். போஸ்ட்மேன்னு பேரு வெச்சோம். ஊருக்கே அந்தப் பேருதான். ரோட்டுல சைக்கிள்ல போனா, "போஸ்ட்மேன், எனக்கு லெட்டர் இருக்கா?"ன்னு கேக்காத ஆள் கிடையாது. அவன் பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருச்சுன்னு கேள்வி. அதுக்கு நான் பொறுப்பில்லை.

வீட்டுக்காரங்களும் யோசிச்சாங்க. போர்டுக்குள்ள காகிதம் வெக்கிற ஆளு, தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது? மெல்ல மெல்ல அவனைக் கூப்பிடுறதை விட்டுட்டாங்க. கூப்பிட்ட ஒண்ணு ரெண்டு பேரும், "தம்பி, லெட்டர் மட்டும் வேண்டாம்"னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. "அப்ப வேற ஆளை வெச்சுக்கோங்க"ன்னு எந்திரிச்சு வந்துருவானாம். திமிரு சார். அடக்கமா இருக்கிறவன் மாதிரி இருந்துக்கிட்டு உள்ளுக்குள்ள அவ்வளவு திமிரு.

இப்போ கைக்கு வாரேன்.

அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, அதே விசாலாட்சி டீச்சர் வீடு. ஹால் ஃபேன் சுத்தலை, போர்டுல கருகின வாடை வருதுன்னு போன் பண்ணினாங்க. காலையில பதினோரு மணி. நானும் சிகாமணியும் போனோம். மீட்டர் பெட்டிகிட்டப் போய் நான்தான் மெயினை அணைச்சேன். என் கையால. சிகாமணி போர்டைத் திறந்தான். ஃபேன் ரெகுலேட்டர்ல ஒரு வயர் நுனி எரிஞ்சு கழண்டு போயிருந்துச்சு.

இவன் சட்டைப் பையில இருந்து டெஸ்டரை எடுத்தான். "அத்தான், ஒரு தடவை வெச்சுப் பார்த்துரட்டுமா?"ன்னான். கரண்டு இருக்கா இல்லையான்னு பார்க்கிற டெஸ்டர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். "மெயினையே அணைச்சாச்சு, இன்னும் என்னல டெஸ்டர்? உன் அத்தான் மேல நம்பிக்கை இல்லையா? நீயும் போஸ்ட்மேன் ஆயிட்டியா?"ன்னேன். சிரிச்சுக்கிட்டே பையில திருப்பிப் போட்டுக்கிட்டான்.

எரிஞ்ச நுனியை வெட்டிட்டு, புதுசாச் சீவி மாட்டணும். ஆனா வயர் குட்டையா இருந்துச்சு. எரிஞ்ச பாகம் போக மிச்சம், சுவத்துக்குள்ள போற பைப்போட வாய்க்குள்ள போய்க் கிடந்துச்சு. கட்டிங் பிளேயர் உள்ளே போகலை. இவன் இடது கையால பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, வலது கை ரெண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தான்.

அவ்வளவுதான் சார். பிடிச்சுக்கிச்சு. வாய் திறந்தபடி நிக்கான், சத்தம் வரலை. மெயின் அணைஞ்ச வீட்டுல கரண்டு எங்க இருந்து வருது? எனக்கு ஒண்ணும் ஓடலை. கையில கிடைச்ச மர ஸ்டூலால அந்தக் கையில ஓங்கி ஒரு அடி அடிச்சேன். விழுந்தான். முழங்கை எலும்பு மூணா உடைஞ்சது. ரெண்டு விரல் வெந்து போச்சு. அதுல இருந்து அந்தக் கை மடங்குறதில்லை. ஆனா உயிரு இருக்கு பாருங்க, அது நான் அடிச்ச அடியால இருக்கு. இதை என் வீட்டுக்காரிக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். அஞ்சு வருஷமா, "சாப்பாடு வெக்கட்டுமா?"ங்கிறதைத் தவிர அவ என்கிட்டப் பேசுறதில்லை.

அப்புறம்தான் தெரிஞ்சது, மாடிப்படிக்கு அடியில மரக் கதவு போட்டு இன்வர்ட்டர் வெச்சிருக்காங்க. கரண்டு போனா பேட்டரியில ஓடுற மெஷின். மெயினை அணைச்ச உடனே அது வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு. ஹால் ஃபேன் லைன் அதுல இருந்து வருது. ஏ.சி. லைன் இழுத்த அன்னைக்கு அதோட பேட்டரி ரிப்பேருக்குப் போயிருந்துச்சாம், அதான் எனக்கு அடிக்கலை. ஒரே போர்டுல ரெண்டு சப்ளை! இதைச் செஞ்சது யாரு? ஆவுடையப்பன். எனக்கு எப்படி சார் தெரியும்? எவனாவது எனக்குச் சொன்னானா?

சங்கத்தைக் கூட்டினேன். அவனை நடுவுல நிறுத்தினோம். நான் எல்லாத்தையும் சொன்னேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டான். கடைசியில, "சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"ன்னு தலைவர் கேட்டார். அப்போ என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அந்தப் போர்டுல இருந்த சீட்டு எங்க அண்ணாச்சி?"

என்ன சார் கேள்வி இது? ஒருத்தன் ஆஸ்பத்திரியில கிடக்கான், இவனுக்குச் சீட்டு! "மறுபடியும் லெட்டரா!"ன்னேன். கூட்டமே சிரிச்சிருச்சு. அந்த நேரத்துலயும் சிரிச்சாங்க சார், பின்னாடி ஒருத்தன், "வணக்கம் தம்பீ!"ன்னான். அவனைச் சங்கத்தை விட்டு நீக்கினோம். யாரும் அவனோட சேர்ந்து வேலை செய்யக் கூடாதுன்னு முடிவு. ஆஸ்பத்திரிக்குப் போய் சிகாமணிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னும் முடிவு. அது நான் சொன்னது.

போனான். நானும் கூட நின்னேன், ஒழுங்காக் கேக்கானான்னு பார்க்கணும்ல. சிகாமணி மருந்து மயக்கத்துல பாதி கண்ணைத் திறந்து கிடந்தான். கட்டில் பக்கத்துல போய் நின்னு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "தம்பி, மன்னிச்சிருங்க. நான் இன்னும் பெரிய எழுத்தா எழுதியிருக்கணும்." இதுதான் மன்னிப்பா? புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். அந்த வாரமே பொண்டாட்டி, பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போயிட்டான்.

இந்தச் சிகாமணி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் கேட்டான். "அத்தான், அவர் எதைப் பெரிசா எழுதியிருக்கணும்னு சொன்னார்?" "நீ மயக்கத்துல தப்பாக் கேட்டிருப்பல"ன்னேன். ஒரு தடவைதான் கேட்டான். அப்புறம் கேக்கலை.

கதை இதுதான் சார். தாளை எடுங்க. 'வேலைத் தரம்': இல்லை. 'சக தொழிலாளர்களிடம் நடத்தை': பெரியவங்க சொன்னாக் கேக்க மாட்டான், திமிரு ஜாஸ்தி. எழுதியாச்சா?

என்னது, சீட்டைப் பார்க்கணுமா? எதுக்கு? நான் சொன்னா நம்பிக்கை இல்லையா? ஆதாரம் கேப்பாங்களா மில்லுல? இருக்கு, இருக்கு. எல்லாம் வெச்சிருக்கேன், இருபத்து மூணு சீட்டு. தரங்கெட்ட வேலைக்கு அதை விட என்ன சாட்சி வேணும்? மேல அலமாரியில அந்த பிஸ்கட் டப்பா. அஞ்சு வருஷமா திறக்கலை. எதுக்குத் திறக்கணும்? எனக்கு வேற வேலை இல்லையா? இந்தாங்க. தூசி, சட்டையில படாமப் பார்த்துக்கோங்க. ஒவ்வொண்ணு பின்னாடியும் வீட்டுக்காரங்க பேர் எழுதியிருப்பான், டீச்சர் வீட்டுது மேலேயே இருக்கும்.

அதுதான். முதல் வரியைப் படிங்க, உங்களுக்கே சிரிப்பு வந்துரும்.

வரலையா? மில்லுக்காரங்களுக்குச் சிரிக்கத் தெரியாது போல. மேல என்ன எழுதியிருக்கான்? கண்ணாடி இல்லைன்னு சொன்னேனே, சத்தமா வேண்டாம், மெதுவாப் படிங்க. கடையில ஆள் இருக்கு.

"மெயினை அணைத்த பிறகும் இந்தப் போர்டில் ஒரு வயரில் கரண்டு இருக்கும். மஞ்சள் நூல் சுற்றியது அதுதான். இன்வர்ட்டர் மாடிப்படிக்கு அடியில் மரக் கதவுக்குள் உள்ளது. அதையும் அணைத்துவிட்டுக் கை வையுங்கள். நுனி எரிந்தால் வெட்டி மாட்ட ஒரு சாண் வயர் கூடுதலாக மடித்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு உதவும். இப்படிக்கு, ஆ. ஆவுடையப்பன்."

சரி. எழுதியிருக்கான். எழுதிட்டா ஆச்சா? போர்டுக்கு உள்ளே எழுதினா யாருக்குத் தெரியும்? வெளியே எழுதி ஒட்டியிருக்கணும். பெரிசா எழுதியிருக்கணும். அவனே ஒத்துக்கிட்டானே!

தாளை ஏன் சார் மடிக்கிறீங்க? நான் இன்னும் கையெழுத்துப் போடலையே. டீயும் அப்படியே இருக்கு. சரி, போறதுன்னா போங்க. அந்தச் சீட்டை மட்டும் டப்பாவுல போட்டுட்டுப் போங்க. அது என்னோடது. சார், உங்களைத்தான். வாசல் இந்தப் பக்கம், கல்லா பக்கம் எதுக்குப் போறீங்க? அவன்கிட்ட எதுக்குக் குடுக்கிறீங்க? அவனுக்கு இடது கையில பிடிச்சுப் படிக்க வராது.

ஏல சிகாமணி, அதை இங்க குடு. பழைய சீட்டுல, நம்ம போஸ்ட்மேன் சீட்டு. முதல் வரியைப் படிச்சுட்டுக் குடுத்துரு, மேல ஒண்ணுமில்லை. சங்கத்துல நீயும் கை கூப்புவியே, ஞாபகம் இருக்கா? வணக்கம் தம்பீன்னு.

என்னல, இவ்வளவு நேரமா முதல் வரியா?

சிகாமணி. ஏல. சிரி.